நிலைத்து நிற்காத அமிலம்

மாணவர்களே, வீட்டில் யாருக்கேனும் மஞ்சள் காமாலை கண்டு இரத்தப் பரிசோதனை செய்திருந்தால், அந்தச் சீட்டில் 'எஸ்.ஜி.ஓ.டி.' என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். இப்போது பல இடங்களில் 'ஏ.எஸ்.டி.' என்று அச்சிடுகிறார்கள், இரண்டும் ஒன்றே. அதிலுள்ள 'ஓ' ஆக்ஸலோ அசிட்டிக் அமிலத்தைக் குறிக்கிறது. இரத்தத்தில் அந்த அமிலம் எவ்வளவு இருக்கிறது என்பதையே சீட்டு சொல்கிறது என்று எண்ணத் தோன்றும். அப்படியன்று.

இந்த அமிலம் ஆராய்ச்சிக்கூடங்களுக்கு வெண்ணிறப் பொடியாக விற்கப்படுகிறது. சுழிக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் குளிரில் வைப்பது வழக்கம். பொடியை நீரில் கரைத்தாலோ, அது தானாகவே சிதையத் தொடங்கும். ஒவ்வொரு மூலக்கூறிலிருந்தும் கரியமில வாயு பிரிந்து செல்ல, எஞ்சுவது பைருவிக் அமிலம். சில உலோக அயனிகள் நீரில் இருந்தால் சிதைவு இன்னும் விரைவாகும். ஆகவே சோதனைக்குச் சற்று முன்னர்தான் கரைப்பார்கள்.

நம் உடற்செல்களில் இது ஓர் இடைப்பொருள். அதாவது, உணவு எரிந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறும் வழியில் தோன்றி மறைவது. ஆக்ஸலோ அசிட்டிக் அமிலத்தில் 4 கரி அணுக்கள் உண்டு. உணவிலிருந்து வரும் 2 கரி அணுக்கள் கொண்ட துண்டு இதனுடன் சேர்ந்து, 6 கரி அணுக்கள் கொண்ட சிட்ரிக் அமிலம் ஆகிறது. பிறகு படிப்படியாக 2 கரி அணுக்கள் கரியமில வாயுவாக நீங்க, பழைய அமிலமே திரும்பவும் கிடைக்கிறது. கிணற்று வாளியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளி ஒன்றுதான், ஆனால் நாள் முழுதும் இறைத்தால் தொட்டியே நிரம்பிவிடும்! செல்லில் இந்த அமிலம் மிக மிகச் சிறிதளவே இருந்தும் வேலை தடைபடாததன் காரணம் இதுதான்.

இது ஒரு சுழற்சி என்று எப்படிக் கண்டார்கள்? 1937இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் கிரெப்ஸும் வில்லியம் ஜான்ஸனும் புறாவின் மார்புத் தசையைக் கொண்டு சோதித்தனர். சக்சினிக் அமிலம் அடுத்த பொருளாக மாறுவதை மலோனிக் அமிலம் என்ற நஞ்சு தடுத்துவிடும். அந்த நஞ்சிட்ட தசைக்கு ஆக்ஸலோ அசிட்டிக் அமிலம் கொடுத்தபோதும் சக்சினிக் அமிலம் உண்டாகிச் சேர்ந்தது. நேர்வழி அடைபட்டிருக்க, அது எப்படி வந்தது? சிட்ரிக் அமிலத்தின் வழியாகச் சுற்றித்தான் வந்திருக்க வேண்டும். எவ்வளவு அழகான தருக்கம்! இதை 'நேச்சர்' இதழ் அப்போது வெளியிடவில்லை. வேறோர் இதழில் வந்தது. 1953இல் கிரெப்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனிச் சீட்டுக்கு வருவோம். கல்லீரல், இதயம், தசை ஆகியவற்றின் செல்களில் உள்ள ஒரு நொதி, அஸ்பார்டிக் அமிலத்தை ஆக்ஸலோ அசிட்டிக் அமிலமாக மாற்றுகிறது. செல்கள் சேதமுற்றால் அந்த நொதி இரத்தத்தில் கசியும். கசிந்தது எவ்வளவு என்று அறிய, அது உண்டாக்கும் அமிலத்தை அளக்கலாம். ஆனால் அதுவோ நிலைத்து நிற்காத பொருள்!

இங்கேதான் இயற்பியல் கைகொடுக்கிறது. உண்டான அமிலத்தை உடனுக்குடன் வேறொரு நொதியைக் கொண்டு மாலிக் அமிலமாக மாற்றிவிடுகிறார்கள். ஒவ்வொரு மூலக்கூறு மாறும்போதும் என்.ஏ.டி.எச். என்ற பொருளின் ஒரு மூலக்கூறு செலவாகிறது. என்.ஏ.டி.எச். 340 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை உட்கவரும்; செலவானபின் மிஞ்சும் என்.ஏ.டி. கவராது. ஆகவே கரைசலின் ஊடே செல்லும் ஒளி கூடிக்கொண்டே போகும். கூடும் வேகத்தைக் கருவி குறித்துக்கொள்கிறது. மறையும் பொருளை அது மறைவதைக் கொண்டே பிடித்துவிடுகிறோம்!

எனவே சீட்டில் உள்ள எண் ஓர் எடை அன்று, ஒரு வேகம். '40 யூனிட்' என்றால், சோதனைச் சூழலில் 1 லிட்டர் சீரத்திலுள்ள நொதி நிமிடத்துக்கு 40 மைக்ரோமோல் ஆக்ஸலோ அசிட்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது என்று பொருள். அதாவது சுமார் 5 மில்லிகிராம். வெப்பநிலை மாறினால் வேகமும் மாறும் என்பதால், கருவியை வழக்கமாக 37 டிகிரியில் நிறுத்துகிறார்கள்.

1954இல் நியூயார்க்கில் லடூ, வுரோப்ளூஸ்கி, கார்மென் ஆகிய மூவர், மாரடைப்பு வந்தவர்களின் இரத்தத்தில் இந்த நொதி உயர்வதை முதன்முதலாக எடுத்துக்காட்டினர். இன்று மாரடைப்பை அறிய டிரோப்போனின் என்ற வேறொரு புரதத்தை அளக்கிறார்கள். கல்லீரலுக்கு மட்டும் பழைய சோதனையே தொடர்கிறது. தசையில் அடிபட்டாலும் இந்த எண் ஏறக்கூடும் என்பதால், மருத்துவர்கள் இதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை, எஸ்.ஜி.பி.டி. என்ற மற்றோர் எண்ணையும் பக்கத்தில் வைத்தே பார்க்கிறார்கள்.