எபிசோடு 37: டிராகன் ஃப்ரூட் தொட்டியில் என்ன போடுவது? வாசுதேவநல்லூர் மாடியில் ஒரு பக்கெட் டெஸ்ட்

(பேச்சை அப்படியே தராமல், வாசிப்பதற்காகச் சற்று ஒழுங்குபடுத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடு முழுக்க ஒரே விஷயம்தான். தொட்டியில டிராகன் ஃப்ரூட் வளர்க்கறதுக்கு வீட்டிலேயே கலவை தயார் பண்றது. கேக்கறதுக்குச் சின்ன விஷயம். ஆனா இதுல நான் தப்பா ஒரு யோசனை சொல்லி எங்க அம்மாவோட ஆறு செடியைக் கொன்னிருக்கேன். அதனால கொஞ்சம் விவரமாவே பேசறேன்.

அம்மா இருக்கறது தென்காசி மாவட்டம், வாசுதேவநல்லூர். மேற்க பார்த்தா மலை, பக்கத்துல எலுமிச்சைக்குப் பேர் போன புளியங்குடி, கிழக்க சங்கரன்கோவில் பக்கம் போகப் போகக் கரிசல் காடு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சீட்டு எடுத்த காசுல ஆறு டிராகன் ஃப்ரூட் கன்னு வாங்கி, மாடியில வைக்கணும்னு எனக்கு போன் போட்டாங்க. நான் சென்னையில உக்காந்து ரெண்டு வீடியோ பார்த்துட்டு, "செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கின சாணி ஒரு பங்கு, அடியில ஒரு அடுக்கு ஜல்லி"ன்னு சொல்லிட்டேன். கோடை முழுக்க செடி ஜம்முனு இருந்துச்சு. ஐப்பசி மழை பிடிச்சுது. கார்த்திகை முடியறதுக்குள்ள அடித்தண்டு மஞ்சளாகி, கொழகொழத்துப் போய், ஒண்ணொண்ணா சாஞ்சிருச்சு.

பொங்கலுக்குப் போனப்ப ஆறு தொட்டியும் கவுத்து வச்சிருந்துது. "எனக்கு இந்தச் செடிக்குக் கைராசி இல்லல, விடு"ன்னாங்க. முப்பது வருஷமா மல்லியும் கறிவேப்பிலையும் வளர்த்த கை அது! எனக்கு அதுதான் தாங்கல. ஒரு கலவை ஏன் ஃபெயில் ஆகுதுன்னு அன்னைக்குத்தான் உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல இந்தச் செடி என்னன்னு பார்ப்போம். டிராகன் ஃப்ரூட் ஒரு கள்ளி. தெற்கு மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துச் செடி. பிரெஞ்சுக்காரங்க காலத்துல வியட்நாமுக்குப் போய், அங்க 'தான் லாங்' ஆச்சு. பச்சை டிராகன்னு அர்த்தம். 2021-ல குஜராத் அரசு இதுக்கு 'கமலம்'னு பேர் வச்சது ஞாபகம் இருக்கலாம். கள்ளின்னு சொன்னதும் நம்ம மனசுல வர்றது பாலைவனம், மணல். அங்கதான் குழப்பமே ஆரம்பிக்குது. இது பாலைவனக் கள்ளி கிடையாது, காட்டுக் கள்ளி. மரத்தையும் பாறையையும் பிடிச்சு ஏறிப் போகும். தண்டுலேர்ந்தே வேர் விடும். மரக் கவட்டையில இலைதழை விழுந்து, மக்கி, கொஞ்சம் குப்பை சேரும் பாருங்க, அதுல வேர் ஓட்டிப் பிழைக்கிற ஜாதி.

நம்ம ஊர்ல இதுக்கு ஒரு காட்சி இருக்கு. பனைமரத்து மட்டை இடுக்குல ஆலங்கன்னு முளைச்சு நிக்கும்ல? பறவை போட்ட விதை, அந்த இடுக்குல சேர்ந்த கைப்பிடிக் குப்பை, அவ்வளவுதான் அதோட முதலீடு. மழை பெய்யும், நனையும், அஞ்சு நிமிஷத்துல தண்ணி இறங்கிப் போயிரும், குப்பை மட்டும் ஈரமா நிக்கும். ஆலங்கன்னு அப்புறம் வேரைத் தரைக்கு இறக்கிரும்ங்கறது வேற கதை. ஆனா டிராகன் ஃப்ரூட் வேர் பழகினது இந்த மாதிரி இடத்துக்குத்தான். ஈரமும் வேணும், சுத்தி எப்பவும் காத்தும் வேணும்.

சரி, தொட்டியில என்ன நடக்குது? ஒரு சோதனை பண்ணுங்க. பாத்திரம் விளக்குற ஸ்பாஞ்சைத் தண்ணியில முக்கி, படுக்கைவாட்டுல பிடிங்க. சொட்டி முடிச்சு நிக்கும். இப்ப அதையே பிழியாம செங்குத்தா நிமித்துங்க. மறுபடியும் தண்ணி சொட்டும்! அதே ஸ்பாஞ்சு, அதே ஓட்டைகள், உயரம் மட்டும்தான் மாறுச்சு. ஓட்டைகளுக்குள்ள தண்ணியைப் பிடிச்சு வைக்கிற விசையும் கீழ இழுக்கிற புவியீர்ப்பும் சமமாகற இடத்துல வடியறது நின்னுரும். அதுக்குக் கீழ இருக்கிற பகுதி முழுக்கத் தண்ணி. தொட்டியிலயும் இதேதான். எத்தனை ஓட்டை போட்டாலும் அடியில ஒரு அடுக்கு ஊறிப்போய்த்தான் நிக்கும். அந்த அடுக்கு எவ்வளவு உயரம்ங்கறதை முடிவு பண்றது துகளோட அளவு. மாவு மாதிரி நைசா இருந்தா உயரம், பருக்கையா இருந்தா கொஞ்சம்.

அப்ப அடியில ஜல்லி போட்டா? நான் சொன்ன ரெசிபியோட பெரிய தப்பே அதுதான். நைஸ் மண்ணோட சின்னச் சின்ன இடுக்குல இருக்கிற தண்ணி, ஜல்லியோட பெரிய இடுக்குக்குத் தானா இறங்காது. மேல மண் முழுசா ஊறி நிறைஞ்ச பிறகுதான் இறங்கும். அதனால அந்த ஊறின அடுக்கு ஜல்லிக்கு மேல போய் உக்காந்துக்கும். வேருக்கு இன்னும் பக்கத்துல கொண்டுபோய் வச்ச மாதிரி. டிராகன் ஃப்ரூட் வேர் பெரும்பாலும் மேலாகத்தான் ஓடும், ஆனா தொட்டியில அதுக்கு ஓடறதுக்கு வேற எடம் ஏது? காத்துல பரவறதைவிடத் தண்ணிக்குள்ள ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாத்தான் பரவும். நாலு நாள் அடைமழையில வேர் மூச்சு முட்டிச் சாகும். பூஞ்சை அதுக்குப் பின்னாடி வரும். நாம பார்க்கிற அழுகல் அந்தக் கடைசிக் கட்டம்.

இனி பக்கெட் டெஸ்ட். நர்சரிக்காரங்க கலவையில காத்து இடம் எவ்வளவுன்னு பர்சென்ட்ல அளப்பாங்க. வீட்டுலயே பண்ணலாம். 5 லிட்டர் பெயின்ட் பக்கெட், அடியில நாலஞ்சு ஓட்டை, அதை வெளிப்பக்கம் டேப் ஒட்டி அடைச்சிருங்க. கலவையை லேசாத் தட்டி நிரப்புங்க. மெதுவா தண்ணி ஊத்துங்க, மேல பளபளன்னு தெரியற வரைக்கும். ராத்திரி முழுக்க விடுங்க, காலையில இறங்கியிருந்தா மறுபடி அந்த மட்டத்துக்கு ஊத்துங்க. அப்புறம் ஒரு தட்டு மேல தூக்கிப் பிடிச்சு டேப்பைப் பிரிங்க. முழுசா வடிய விட்டு, வடிஞ்ச தண்ணியை அளங்க. அந்தத் தண்ணி இருந்த இடம்தான் இனிமே காத்து இருக்கப்போற இடம்.

நான் சொன்ன செம்மண் கலவையில வடிஞ்சது 350 மில்லி. அதாவது 5 லிட்டருக்கு 7 பர்சென்ட். 10-க்குக் கீழ போனாலே பெரும்பாலான தொட்டிச் செடிக்கு ஆபத்து. இந்த மாதிரி மரத்துல ஏறுற செடிக்கு நான் 20-க்கு மேல எதிர்பார்ப்பேன். அந்த 350 மில்லியை அளந்த டம்ளரை அம்மாகிட்ட காட்டி, "உங்க கை இல்லம்மா, இதுதான்"னு சொன்னேன். ஒண்ணும் பேசல, டம்ளரை வாங்கிப் பார்த்தாங்க. (ஒரு கவனம்: பக்கெட் குட்டையா இருந்தா, ஸ்பாஞ்சு கதைதான், நம்பர் குறைச்சலாக் காட்டும். உங்க தொட்டி அதைவிட உயரம்னா நிஜ நிலைமை இன்னும் கொஞ்சம் நல்லாவே இருக்கும்.)

அப்புறம் ஊர்ல என்னென்ன கிடைக்குதுன்னு சுத்தினோம். ஆன்லைன்ல பெர்லைட், ஆர்க்கிட் பட்டைன்னு எல்லாம் சொல்லுவாங்க. வாசுதேவநல்லூர்ல அதுக்கு எங்க போறது? ஆனா தேவையானது எல்லாமே வேற பேர்ல அங்கேயே இருந்துச்சு.

முதல்ல உடைஞ்ச செங்கல். சூளையில சும்மாவே கிடைக்கும். சுத்தியலால உடைச்சு, பட்டாணியிலேர்ந்து கொண்டைக்கடலை சைஸ் வரைக்கும் சலிச்சு எடுத்தோம். தூளைக் கண்டிப்பா ஒதுக்கணும். நல்லா வெந்த செங்கலா இருக்கணும், வேகாதது ஒரே மழையில களிமண்ணாயிரும். செங்கல் துண்டு உள்ள கொஞ்சம் ஈரம் பிடிக்கும், வெளிய இடுக்கு விடும்.

அடுத்து தென்னை. மட்டையை ஒரு இஞ்ச் துண்டாக அரிவாளால கொத்திக்கலாம், கை வலிக்கும். நார்க்கழிவுத் தூள், அதான் கடையில கோகோபீட்னு கட்டியா விப்பாங்க, 5 கிலோ கட்டி தண்ணியில ஊறினா சுமார் 70 லிட்டர் வரும். ரெண்டுலயும் உப்பு இருக்கும், கழுவணும். எத்தனை தடவைன்னு கேட்டா, ஆர்.ஓ. தண்ணி பார்க்கிற டி.டி.எஸ். பேனா வீட்ல இருந்தா எடுங்க. முதல் தண்ணி டிகாஷன் கலர்ல வந்து, மீட்டர் 1,500-ஐத் தாண்டுச்சு. எங்க குழாய்த் தண்ணி 400. மூணு தடவை ஊறவச்சுப் பிழிஞ்சதும் 500-க்கு வந்துச்சு, போதும்னு விட்டோம். உங்க குழாய்த் தண்ணி நம்பருக்குப் பக்கத்துல வர்ற வரைக்கும் கழுவுங்க.

உமிக்கரி. நெல்லு மில் உமியைக் கருக்கி, கறுப்பா இருக்கும்போதே தண்ணி தெளிச்சு அணைச்சிரணும். வெள்ளைச் சாம்பல் ஆக விட்டா காரம் ஏறிரும், அது வேண்டாம்.

சத்துக்கு ஆட்டுப் புழுக்கை. கரிசல்காட்டுப் பக்கம் வயல்ல கிடை போடறது காலங்காலமா இருக்கு, அதனால பழைய புழுக்கை கிடைக்கறது கஷ்டமில்ல. ஆறு மாசமாவது ஆன காய்ஞ்ச புழுக்கை நல்லது. உருண்டையாவே நின்னு மெதுவாக் கரையும், இடுக்கை அடைக்காது. சர்க்கரை ஆலை இருக்கிற ஊர்ங்கறதால பிரஸ்மட் போடலாமான்னு பக்கத்து வீட்டு மாமா கேட்டாரு. கரும்புச் சாறைத் தெளிய வச்சு வடிகட்டும்போது மிஞ்சுற கறுப்பு மண்டி அது. பச்சையாப் போட்டா மக்கும்போது சூடேறி வேரை வாட்டும். மக்கினதுன்னாலும் நைசா இருக்கும், கொஞ்சமாத்தான் போடணும். நாங்க தவிர்த்துட்டோம்.

எம்-சாண்டும் வேண்டாம். அதுல இருக்கிற கல்லுத்தூள் சிமென்ட்டுக்குப் பரவாயில்ல, வேருக்கு அடைப்பு. கரிசல் மண்ணு பத்திச் சொல்லவே வேண்டாம், நனைஞ்சா உப்பும், காய்ஞ்சா வெடிக்கும்.

கடைசியா நிலைச்ச கணக்கு இது, சாந்துச் சட்டி அளவுல: செங்கல் துண்டு 3 சட்டி, மட்டைத் துண்டு 2, கழுவின நார்த்தூள் 2, உமிக்கரி 1, புழுக்கை 2. கூட ரெண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பக்கெட்ல போட்டு வடிச்சா 1.2 லிட்டர். 24 பர்சென்ட்! வெயிட்டும் பார்த்தோம்: வடிஞ்ச பிறகு பழைய கலவை 8 கிலோ, புதுசு 5-க்குக் கீழ. 200 லிட்டர் டிரம்மைப் பாதியா வெட்டி வச்சா ஒரு தொட்டிக்கே 60 கிலோ குறையுது. மாடியில வைக்கிறவங்க இதைக் கட்டாயம் யோசிங்க, தொட்டியைச் சுவர், பீம் வர்ற ஓரமா வைங்க.

இந்தக் கலவைக்கு ரெண்டு குறை இருக்கு. ஒண்ணு, மட்டையும் நாரும் மக்கும்போது நுண்ணுயிர்கள் நைட்ரஜனை இழுத்துக்கும், முதல் சில மாசம் செடி வெளிறும். மாசம் ரெண்டு தடவை கடலைப் புண்ணாக்கை ஊறவச்சு, தெளிவை நல்லாத் தண்ணி சேர்த்து ஊத்தினோம், சரியாச்சு. ரெண்டாவது, கோடையில சீக்கிரம் காயும். சித்திரையில ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி வேணும். ஊருக்குப் போனா பார்த்துக்க ஆள் இல்லாதவங்க நார்த்தூளை ஒரு சட்டி கூட்டி, செங்கலை ஒண்ணு குறைச்சு, மறுபடி டெஸ்ட் பண்ணிப் பாருங்க. என் நம்பரை அப்படியே காப்பி பண்ணாதீங்க, உங்க செங்கல் வேற, உங்க நார் வேற.

நடறதைச் சுருக்கமாச் சொல்றேன். வெட்டின துண்டை ஒரு வாரம் நிழல்ல போட்டு, வெட்டுவாய் காய்ஞ்ச பிறகு நடுங்க. ரெண்டு விரக்கடை ஆழம் போதும். தொட்டியைத் தரையில ஒட்ட வைக்காம மூணு செங்கல் மேல தூக்கி வைங்க.

புதுக் கன்னு வச்சப்ப, ஒண்ணை மட்டும் பழைய கலவையில வச்சு கம்பேர் பண்ணலாம்னு சொன்னேன். "ஒரு உசிரை வச்சு டெஸ்ட் பண்ணுவியோ?"ன்னாங்க. விட்டுட்டேன். அவங்க பங்குக்கு, சங்கரன்கோவில் கோயில்ல பிரசாதமாக் கொடுக்கிற புத்துமண்ணை ஒவ்வொரு தொட்டியிலயும் ஒரு சிட்டிகை போட்டாங்க. புத்துமண்ணு ரொம்ப நைசான களி, என் கணக்குக்கு நேர் எதிர். நான் வாயே திறக்கல.

போன கார்த்திகை மழையை ஆறு செடியும் தாண்டிருச்சு. இன்னும் பூக்கல. டெஸ்ட் பண்ண பக்கெட்டை அதே கலவையோட மாடியிலயே விட்டிருந்தோம், மக்க மக்க என்ன ஆகுதுன்னு பார்க்க. போன வாரம் அம்மா வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க: "ஏல, அந்த பக்கெட்டை இன்னைக்கு அளந்தேன். மேல ரெண்டு விரக்கடை இறங்கி நாலரை லிட்டர்தான் இருக்கு. வடிஞ்சது 850 மில்லி. பத்தொம்பது பர்சென்ட் வருது. தொட்டிக்கெல்லாம் மழைக்கு முன்னாடி செங்கல் உடைச்சுப் போட்டுரவா?"