உஷார்! பழைய பிளாப்பி கேட்கும் கேள்விக்கு ‘சரி’ சொல்லாதீர்கள்

பரணிலிருந்து பிளாப்பி டப்பாவை இறக்கிவிட்டீர்களா? கம்ப்யூட்டரில் செருகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சிதம்பரத்தில் டிடிபி கடை நடத்திய நண்பர், 1990களில் தட்டச்சு செய்த ஆய்வேடு ஒன்றைத் தேடி பிளாப்பியைச் செருகினார். ‘ஃபார்மட் ஆகவில்லை, இப்போது செய்யட்டுமா?’ என்றது திரை. பழக்கத்தில் ‘சரி’ தட்டினார். ஆய்வேடு போயே போய்விட்டது.

அந்தக் கேள்விக்கு டிஸ்க் காலி என்று பொருள் இல்லை. 1.44 எம்பி பிளாப்பியில் எந்தக் கோப்பு எங்கே என்ற அட்டவணை முதல் டிராக்கில்தான் தொடங்குகிறது. அங்கே பழுது வந்தால் கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது. உள்ளே இருப்பது அப்படியே இருக்கலாம். ஃபார்மட் செய்தால் அதுவும் அழியும்.

நம் ஊருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கடலூர், சிதம்பரம் காற்றில் ஈரம் அதிகம். 2011 டிசம்பர் 30 தானே புயலிலும் 2015 வெள்ளத்திலும் நனைந்த வீடுகள் எத்தனை! ஈரம் பட்ட பிளாப்பியில் பூசணம் பிடிக்கும். அதை ஓட்டினால் டிரைவின் ஹெட் அழுக்காகி, அடுத்து செருகும் நல்ல டிஸ்க்கையும் கீறிவிடும். தகட்டில் வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ, ‘கிறீச்’ என்று சத்தம் கேட்டாலோ உடனே வெளியே எடுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஹெட்டைத் துடைக்காமல் அடுத்ததைப் போடாதீர்கள்.

‘சோனி, மேக்ஸெல், வெர்பாட்டிம்... நல்ல கம்பெனிதானே’ என்று நம்பி உட்காராதீர்கள். விலை சரிந்த கடைசிக் காலத்தில் வந்தவற்றைவிட, அதே கம்பெனியின் பழைய டிஸ்க்குகளே நன்றாகப் படிக்கின்றன என்பது இதில் புழங்கியவர்களின் அனுபவம். பெயரைவிட, வைத்திருந்த இடமே முக்கியம். ஜப்பானில் சோனி 2011 மார்ச்சிலேயே விற்பனையை நிறுத்திவிட்டது. இன்று ‘புதுசு’ என்று கிடைப்பதும் பழைய சரக்குதான்.

செருகும் முன், எதுவும் எழுத முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டிவிடுங்கள். மூன்றரை அங்குல டிஸ்க்கில் மூலைச் சன்னல் திறந்திருக்க வேண்டும். ஐந்தேகால் அங்குலத்தில் ஓரத்து வெட்டை ஸ்டிக்கரால் மூடவேண்டும். முதலில் டிஸ்க்கை முழுசாக இமேஜ் எடுத்து, அந்த நகலில் மட்டும் மீட்பு வேலை செய்யுங்கள்.

காலி டிஸ்க் ஃபார்மட் ஆக மறுக்கிறதா? 720 கேபி டிஸ்க்கை 1.44 ஆக்க முயலாதீர்கள். 360 கேபி டிஸ்க்கை 1.2 எம்பி டிரைவில் எழுதினால் பழைய டிரைவில் படிக்காமல் போகலாம். ‘டிராக் 0 பேட்’ என்று வந்தால் ஹெட்டைத் துடைத்து ஒருமுறை பாருங்கள். மறுபடியும் வந்தால் அந்த டிஸ்க்கில் எதையும் நம்பி வைக்காதீர்கள்.

கோப்பு கிடைத்தாலும் வேலை முடியாது. அந்நாளைய தமிழ் எழுத்துரு இல்லாமல் திறந்தால் வெறும் குறிகள்தான் தெரியும். எழுத்துருவையும் சேர்த்து நகலெடுங்கள், பிறகு யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

இன்னொரு மழைக்காலம் வரும்முன் அந்த டப்பாவைத் திறந்து பாருங்கள். திரை கேட்டால், ‘வேண்டாம்’ என்றே சொல்லுங்கள்.