செல்லுக்கு எமன் குமிழி

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. விக்கிரவாண்டிப் பக்கம் ஐம்பதைத் தாண்டியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்து எடுத்த மருந்து அது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் தயாரானது. 2004-ஓடு நாட்டில் அதன் தயாரிப்பு நின்றது. இப்போது முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் போனால் கையில்தான் ஊசி. காரணம், 1962-ல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் குரங்குச் சிறுநீரகத்திலிருந்து பிரித்தெடுத்த 'வீரோ' செல். ஊட்டியில் தயாராகும் அபய்ராப் தடுப்பூசிக்கான வைரஸும் வீரோ செல்லில்தான் வளர்கிறது.

வீரோ செல் எதிலாவது ஒட்டிக்கொண்டால்தான் பெருகும். 1967-ல் நெதர்லாந்தின் வான் வீசல் ஒரு வழி சொன்னார்: 0.2 மில்லிமீட்டர் அளவுள்ள நுண்மணிகளைச் சத்துநீரில் மிதக்கவிட்டு, அவற்றின் மேல் செல்களைப் படரவிடலாம். மணிகள் அடியில் தங்காமலிருக்கக் கலக்க வேண்டும், பிராணவாயுவும் கொடுக்க வேண்டும். தொல்லையே அங்கேதான். பாக்டீரியாவுக்கு இருக்கும் கெட்டியான செல்சுவர் விலங்குச் செல்லுக்குக் கிடையாது, மெல்லிய சவ்வுதான்.

கலக்கும் துடுப்பின் விளிம்பு செல்லை வெட்டிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அது அவ்வளவாக நடப்பதில்லை. கலக்கும்போது பெரிய சுழல் உடைந்து சிறு சுழல்களாகும், அவையும் உடைந்து கடைசியில் நீரின் பிசுபிசுப்பில் அடங்கிவிடும். மெதுவாகக் கலக்கும் கலனில் அந்தக் கடைசிச் சுழல் சுமார் 0.1 மில்லிமீட்டர். வீரோ போல ஒட்டாமல் தனியே மிதந்து வளரும் வேறு வகைச் செல் அதைவிடப் பல மடங்கு சிறியது. வீடூர் அணையின் மதகு திறந்ததும் சுழியில் அகப்பட்ட எருக்கிலை மாதிரி, கிழியாமல் அதோடு போய்விடும். மணியின் கதை வேறு. அதுவும் சுழலும் ஏறத்தாழ ஒரே அளவு. ஒரு பக்கம் ஒரு சுழல், மறுபக்கம் இன்னொன்று என்று தேய்க்க, மேலே படர்ந்த செல் உரிந்து வந்துவிடும். மணியோடு மணி மோதினாலும் இதே கதிதான்.

தனிச் செல்லைக் கொல்வது குமிழி. மேலே ஏறி வரும்வரை பெரிய கெடுதல் இல்லை. நீர்மட்டத்தில் உடையும்போது அதன் மெல்லிய படலம் நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். ஒட்டிக்கொண்டு வந்த செல்கள் அந்த இழுப்பில் கிழிந்துபோகும். சிறு குமிழி பிராணவாயுவை நன்றாகக் கரைக்கும், சாகடிப்பதும் அதிகம். இதற்கு மருந்து, லிட்டருக்கு ஓரிரு கிராம் புளூரோனிக் எஃப்-68 என்ற பாலிமர். செல்லைக் குமிழியில் ஒட்டவிடாது. என்னைக் கேட்டால், இந்த மலிவான பொடிக்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.

மணியில் படர்ந்த செல்லுக்கு அது மட்டும் போதாது. காற்றைக் குமிழியாக விடாமல், சிலிகான் குழாயின் சுவர் வழியே கசியவிட்டும் பார்க்கிறார்கள். சிறு கலனில் அது எடுபடும். ஆயிரம் லிட்டருக்குப் போனால் அவ்வளவு நீளக் குழாய் கட்டுபடியாகாது. மறுபடி குமிழியிடமே வர வேண்டியிருக்கிறது.