கறுத்த ஆயில் எல்லாம் கெட்ட ஆயிலா?

இந்த மாதம் நான் எழுத எடுத்துக்கொண்ட விஷயம் இஞ்சின் ஆயில். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இஞ்சின் ஆயில்?" என்று பின் பெஞ்சில் சிரிக்க வேண்டாம். நம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டு வாசலில் லாரியோ, டிராக்டரோ, போர்வெல் வண்டியோ நிற்கிறது. ஆயில் செலவு நம் எல்லார் வீட்டுச் செலவும்தான்.

ஆயில் எப்போது மாற்ற வேண்டும்? இந்த ஒரு கேள்விக்கு எங்கள் வீட்டில் மூன்று பதில் உண்டு. லாரியோடு வந்த கம்பெனிப் புத்தகம் 20,000 கி.மீ. என்கிறது. மெக்கானிக் அண்ணன், "கறுத்துப் போச்சுன்னா மாத்திப்போடுங்கண்ணா, பத்தாயிரத்துக்கு மேல போகாதீங்க" என்பார். சிந்தெடிக் ஆயில் விற்ற கடைக்காரரோ, "நாப்பதாயிரம் வரைக்கும் தாராளமா ஓட்டலாமுங்க" என்று சொன்னாராம். மூன்று பேரும் மூன்று கணக்கு சொன்னால் எங்க அப்பா எதைக் கேட்பார்?

எங்க லாரிக்கு ஒரு தடவைக்கு 15 லிட்டர் ஆயில் பிடிக்கும். சிந்தெடிக் என்றால் சாதா ஆயிலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை. சீக்கிரம் மாற்றினால் நல்ல ஆயிலைக் கீழே கொட்டுகிறோம். லேட்டாக மாற்றினால் இஞ்சினே போய்விடும். மூன்று வருடத்துக்கு முன்னால் எங்களுடைய பழைய லாரியின் இஞ்சின் ஜாம் ஆகி, போர் வேலை பார்ப்பதற்கு அம்மாவின் தோடும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போயின. தோடு வந்துவிட்டது. சங்கிலி இன்னும் வரவில்லை. அதனால் இது எங்களுக்கு விளையாட்டு விஷயம் இல்லை.

முதலில் கறுப்பு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டீசல் எரியும்போது கரி உண்டாகிறது. நம் வீட்டு விறகு அடுப்பில் சட்டியின் அடியில் பிடிக்குமே, அதே கரிதான், ஆனால் மிக நுண்ணிய தூள். இது இஞ்சினுக்குள் ஒட்டிக்கொள்ளாமல், ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகாமல், ஆயிலில் மிதந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கென்றே ஆயில் கம்பெனிகள் சில மருந்துகளைக் கலக்கின்றன. சோப்பு அழுக்கைப் பிடித்துத் தண்ணீரில் நிறுத்துகிற மாதிரிதான். துணி துவைத்த தண்ணீர் கலங்கினால் சோப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம், இல்லையா? டீசல் இஞ்சினில் புது ஆயில் ஊற்றினால் கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். ஆகவே கறுப்பை மட்டும் பார்த்துக் கெட்டுப்போச்சு என்று சொல்ல முடியாது. கறுக்காத ஆயிலிலும் தண்ணீர் கலந்திருக்கலாம், டீசல் கலந்திருக்கலாம். கண்ணுக்கு எல்லாம் தெரியாது.

சரி, சிந்தெடிக் என்றால் என்ன? சாதா ஆயில் பூமிக்கு அடியிலிருந்து எடுத்த கச்சா எண்ணெயைச் சுத்தம் செய்து வருவது. அதில் பெரிய மூலக்கூறு, சின்ன மூலக்கூறு எல்லாம் கலந்து கிடக்கும். எவ்வளவு சலித்தாலும் அரிசியில் குறுணை இருக்கிற மாதிரி. சிந்தெடிக்கில் சின்ன மூலக்கூறுகளைக் கோத்து, ஏறக்குறைய ஒரே மாதிரி மூலக்கூறுகளாகச் செய்கிறார்கள். (கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு பக்குவப்படுத்திச் செய்ததும் இதே பெயரில் கடையில் விற்கிறது.) இது சூட்டில் சீக்கிரம் நீர்த்துப் போகாது, குளிரில் கெட்டியாகாது, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதும் மெதுவாகத்தான். அதனால் அதிக நாள் தாங்கும் என்பது உண்மை. ஆனால் உள்ளே கலந்த மருந்து சிந்தெடிக்கிலும் தீரத்தான் செய்யும். கரியும் தூசியும் "இது விலை கூடின ஆயில்" என்று ஒதுங்கிப் போகாது! கடைக்காரர் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

அப்படியானால் ஆயிலையே கேட்க வேண்டியதுதான். நமக்குக் காய்ச்சல் வந்தால் இரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புகிறார்கள் அல்லவா? அதுபோல 100 மில்லி ஆயிலை லேபுக்கு அனுப்பினால் சோதித்து ரிப்போர்ட் தருகிறார்கள். 1946-இல் அமெரிக்காவில் டென்வர் அண்டு ரியோ கிராண்ட் என்ற ரயில் கம்பெனி தன் டீசல் இஞ்சின்களுக்கு இதைச் செய்தது. பிறகு அந்நாட்டுக் கடற்படை விமான இஞ்சின்களுக்குச் செய்தது. நம் நாட்டு ரயில்வே டீசல் ஷெட்டுகளிலும் இஞ்சின் ஆயிலை இப்படிச் சோதிக்கிறார்கள்.

லேபில் என்னென்ன பார்ப்பார்கள்? முதலில் பிசுபிசுப்பு, அதாவது நம் பாடத்தில் வரும் பாகியல் தன்மை. 40-ஆம் கிரேடு ஆயில் 100 டிகிரி சூட்டில் 12.5-லிருந்து 16.3 சென்டிஸ்டோக் வரைக்கும் இருக்க வேண்டும். டீசல் கலந்தால் இது குறையும். கரி கூடினாலும் ஆயில் வெந்து போனாலும் ஏறும். அடுத்தது தண்ணீர். இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. சூடான தட்டில் ஒரு சொட்டு ஆயிலை விட்டால், தண்ணீர் இருந்தால் கடுகு வெடிக்கிற மாதிரி படபடவென்று வெடிக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது காரச் சோதனைதான். டீசலில் உள்ள கந்தகம் எரிந்தால் கடைசியில் அமிலமாகிறது. ஆயில் ஆக்சிஜனோடு சேர்வதாலும் அமிலம் உண்டாகிறது. அமிலம் உலோகத்தை அரிக்கும். அதை முறிப்பதற்கு ஆயிலில் முன்கூட்டியே காரப்பொருள் கலந்து வைத்திருக்கிறார்கள். அமிலமும் காரமும் சேர்ந்தால் நடுநிலையாக்கல் என்று டீச்சர் நடத்தினாரே, அது லாரி இஞ்சினுக்குள் தினமும் நடக்கிறது! இந்தக் காரம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதற்கு ஓர் எண் தருகிறார்கள். புது டீசல் ஆயிலில் அது 10 சுமாருக்கு இருக்கும். பாதிக்குக் கீழே போனால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். அளவுக்குக் குறைந்துவிட்டது. அதனால் காரம் முன்னைப் போலச் சீக்கிரம் தீர்வதில்லை.

பி.பி.எம். என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராம். ஆயிலில் இவ்வளவு கொஞ்சமாக இருக்கும் இரும்பையும் செம்பையும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கேஸ் அடுப்பில் உப்புப் போட்ட தண்ணீர் பொங்கி வழிந்தால் நீலத் தீ மஞ்சளாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். தீபாவளிப் பட்டாசில் சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், நீலத்துக்குச் செம்பு. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி ஒளி உண்டு. 1860 வாக்கில் புன்சன், கிர்க்காஃப் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதை வைத்துப் பொருள்களில் என்ன தனிமம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். லேபில் ஆயிலை மின்பொறியில் பல ஆயிரம் டிகிரி சூட்டில் எரித்து, வரும் ஒளியைப் பிரித்து, எந்த உலோகம் எவ்வளவு என்று மிஷின் எண்ணாகவே சொல்லிவிடுகிறது.

அந்த எண்களை வைத்து எந்தப் பாகம் தேய்கிறது என்று யூகிக்கலாம். இரும்பு என்றால் லைனர், கிராங்க். அலுமினியம் என்றால் பிஸ்டன். குரோமியம் பிஸ்டன் ரிங்கிலிருந்து வரும். செம்பும் ஈயமும் பேரிங் மெட்டல். சிலிக்கான் என்றால் மண், அதாவது ரோட்டுப் புழுதி. சோடியம் ஏறினால் ரேடியேட்டர் கூலன்ட் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

இப்போது எங்க லாரிக் கதை. சிந்தெடிக் ஆயில் ஊற்றிய பிறகு அப்பா ஆயில் டீலர் மூலமாக மூன்று தடவை சாம்பிள் அனுப்பினார். ரிப்போர்ட் இங்கிலீஷில் வரும். "அம்மணி, இதுல என்ன போட்டிருக்குதுன்னு படி" என்று என்னிடம்தான் கொடுப்பார். புரியாததை அறிவியல் டீச்சரிடம் கேட்டுக்கொள்வேன்.

10,000 கி.மீ.யில் இரும்பு 30 பி.பி.எம்., சிலிக்கான் 8. காரம் 10-லிருந்து 7.6 ஆகியிருந்தது. 20,000-இல் இரும்பு 58, சிலிக்கான் 9, காரம் 6. பிசுபிசுப்பு இரண்டு தடவையும் 14-க்குப் பக்கத்தில். இரும்பு 30-லிருந்து 58 ஆகிவிட்டதே என்று அம்மா பயந்துவிட்டார். ஆனால் வகுத்துப் பாருங்கள். முதல் பத்தாயிரத்தில் ஆயிரம் கி.மீ.க்கு 3, அடுத்த பத்தாயிரத்தில் 2.8. தேய்மானம் ஒரே சீராக இருக்கிறது. 15 லிட்டர் ஆயில் சுமார் 13 கிலோ எடை. 58-ஐ 13-ஆல் பெருக்கினால் 754 மில்லிகிராம். இருபதாயிரம் கி.மீ. ஓடியதற்கு முக்கால் கிராம் இரும்புதான் ஆயிலில் தெரிகிறது! இன்னும் 5,000 ஓட்டிவிட்டு மறுபடி அனுப்புங்கள் என்று லேபில் எழுதியிருந்தார்கள்.

25,000-இல் வந்த ரிப்போர்ட் வேறு மாதிரி இருந்தது. காரம் 5.4, இன்னும் பாதிக்கு மேல். பிசுபிசுப்பும் சரி. ஆனால் இரும்பு 96! அலுமினியமும் கூடியிருந்தது. சிலிக்கான் 9-லிருந்து 27. ஐந்தாயிரம் கி.மீ.யில் இரும்பு 38 ஏறினால் ஆயிரத்துக்கு 7.6. இரண்டரை மடங்குக்கு மேல். புழுதி உள்ளே போகிறது, அந்தப் புழுதி உப்புத்தாள் மாதிரி லைனரைத் தேய்க்கிறது. மெக்கானிக் அண்ணன் கழற்றிப் பார்த்தபோது ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஓசில், கிளாம்புக்கு அடியில், விரல் நீளத்துக்கு வெடிப்பு இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாத இடம். ஓசை மாற்றி, ஆயிலையும் மாற்றினார்கள். ஆயில் தன்னளவில் கெடவில்லைதான். ஆனால் மண் கலந்த ஆயிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடைக்காரர் சொன்ன 40,000 வரை ஓட்டியிருந்தால் சங்கிலியோடு தோடும் மறுபடி போயிருக்கும். 10,000-க்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டே இருந்தால் புது ஆயில் ஊற்றி ஊற்றி, ஓசு வெடித்ததை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

மெக்கானிக் அண்ணனுக்கு இனி வேலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மிஷினுக்கு மிக நுண்ணிய துகள்தான் நன்றாகத் தெரியும். பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட துண்டு சரியாக எரியாமல் தப்பித்துவிடும். பேரிங் திடீரென்று பெயர்ந்தால் வருவது பெரிய செதில்தான். அதனால் அவர் பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்பைப் பிரித்து, காந்தம் வைத்துப் பார்க்கிறார். அதுவும் வேண்டும்.

சாம்பிள் எடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. வண்டி ஓடி நின்று, ஆயில் சூடாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். டிரெய்ன் நட்டைக் கழற்றியதும் முதலில் வருவதைப் பிடிக்கக் கூடாது, அடியில் தங்கிய மண்டி வரும். கொஞ்சம் போனபின் நடுவில் பிடிக்க வேண்டும். பாட்டில் ஈரமில்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும். தண்ணி பாட்டிலை அலசிவிட்டுப் பிடித்தால் ரிப்போர்ட்டில் தண்ணீர் வந்துவிடும்! ஆயில் ஊற்றி எத்தனை கி.மீ. ஆச்சு, நடுவில் எத்தனை லிட்டர் டாப்-அப் செய்தோம் என்று எழுதி ஒட்ட வேண்டும். டாப்-அப் செய்தால் புது ஆயில் கலந்து எல்லா எண்ணும் குறைந்து தெரியும். சாம்பாரில் தண்ணீர் ஊற்றினால் உப்புக் குறைகிற மாதிரி.

உங்கள் வீட்டு டூவீலருக்கு இது தேவையா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். அதில் ஒரு லிட்டர் சுமார்தான் ஆயில். சோதிக்கிற காசுக்குப் புது ஆயிலே வாங்கி, புத்தகத்தில் போட்ட கணக்குப்படி மாற்றிவிடலாம். லாரி, பஸ், போர்வெல் கம்ப்ரசர் மாதிரி நிறைய ஆயில் பிடிக்கிற இஞ்சினுக்குத்தான் இது கட்டுப்படியாகும். டிராக்டர் வைத்திருப்பவர்கள் கி.மீ.க்குப் பதில் ஓடிய மணி நேரத்தை எழுதிக்கொள்ள வேண்டும். வண்டி கேரண்டியில் இருந்தால் கம்பெனி சொன்ன கணக்கைத் தாண்டக் கூடாது, ரிப்போர்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

புது ஆயில் ஊற்றி எங்க லாரி இப்போது 6,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 10,000-இல் அடுத்த சாம்பிள். சிலிக்கான் பழையபடி 8-க்கு இறங்கியதா என்று ரிப்போர்ட் வந்ததும் இந்தத் தாளின் அடியிலேயே எழுதி வைக்கிறேன். இடம் விட்டிருக்கிறேன்.



– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி