விற்றவர்களே காத்து வைத்த கடிதங்கள்



புனித பவுல் எழுதிய மடல்களுள் மிகச் சிறியது பிலமோனுக்கு எழுதியதாகும். விவிலியத்தில் ஏறத்தாழ ஒரு பக்கந்தான். தலைவனை விட்டுப் பிரிந்து வந்த ஒனேசிம் என்ற அடிமையை, சிறையிலிருந்த பவுல் அம்மடலோடு திருப்பி அனுப்புகின்றார். இவனை இனி அடிமையாகக் கொள்ளாமல் அன்பார்ந்த சகோதரனாக ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று பிலமோனை மன்றாடுகின்றார். பிலமோன் என்ன செய்தார் என்பதை விவிலியம் நமக்குச் சொல்வதில்லை.

அதே வேண்டுதல் நமது குருக்களின் கரங்களுக்கே வந்தபோது அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லும் கடிதங்கள் உண்டு. அமெரிக்கத் தலைநகர் வொஷிங்டனில் உள்ள ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழக நூலகத்தில், இயேசு சபையின் மேரிலாந்து மாகாணத்துக்குரிய ஆவணங்கள் பேணப்பட்டு வருகின்றன. கணக்கேடுகள், விற்பனைப் பத்திரங்கள், ஞானஸ்நானப் பதிவுகள், மேலதிகாரிகளுக்கு எழுதிய மடல்கள் எனப் பலவும் அவற்றுள் அடங்கும். அங்கே அடிமைகளின் உரிமையாளர்களாக நாம் காண்பது நம் திருச்சபையின் குருக்களை.

1634ஆம் ஆண்டு முதற் குடியேற்றவாசிகளோடு மேரிலாந்தில் வந்திறங்கிய இயேசு சபையார், காலப்போக்கில் பெருந்தோட்டங்களுக்கு உடைமையாளராயினர். அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆபிரிக்க வழிவந்த அடிமைகள். குருக்களே அவர்களுக்கு ஞானஸ்நானம் வழங்கினார்கள். குருக்களே அவர்களது திருமணங்களை ஆசீர்வதித்தார்கள். குருக்களே அவர்களைத் தம் சொத்துக் கணக்கிலும் எழுதிக்கொண்டார்கள். ஐக்கிய அமெரிக்காவின் முதல் ஆயரான ஜோன் கரோல் ஆண்டகை 1789இல் நிறுவிய ஜோர்ஜ்டவுன் கல்லூரியும் இந்த உழைப்பின் பயனை உண்டு வளர்ந்ததே.

இத்தொகுப்பில் 1833ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று இருக்கின்றது. எழுதியவர் தோமஸ் பிறவுண் என்ற அடிமை. மேரிலாந்திலிருந்து சென் லூயிஸ் நகருக்குக் குருக்களோடு கொண்டு செல்லப்பட்டவர். ஏறத்தாழ 38 ஆண்டுகள் சபைக்கு உண்மையாய் ஊழியம் செய்தேன், இப்போது முதிய வயதில் நானும் மனைவி மோலியும் உக்கிப்போன மரக் குடிசையொன்றில் கிடக்கின்றோம், காற்று வீசும்போதெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கின்றோம் என்று அவர் மாகாணத் தலைவருக்கு முறையிடுகின்றார். ஈற்றில் அவர் கேட்பது தானமன்று. தம்மையும் தம் மனைவியையும் விலை கொடுத்து மீட்டுக்கொள்ள அனுமதிக்குமாறு கேட்கின்றார். தம்மைத் தாமே வாங்குவதற்குக் குருவானவரிடம் விண்ணப்பம் எழுதும் ஒரு கத்தோலிக்கரை எண்ணிப் பாருங்கள். ஒனேசிமுக்காகப் பவுல் எழுதினார். தோமஸ் பிறவுணுக்காக எழுத அவரையன்றி எவருமில்லை.

அடுத்து 1838 ஜூன் 19ஆம் திகதியிட்ட விற்பனை ஒப்பந்தம். கல்லூரி கடனில் மூழ்கியிருந்தது. மாகாணத் தலைவரான தோமஸ் மல்லெடி அடிகளார், லூசியானா மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஹென்றி ஜோன்சனுக்கும் ஜெஸி பேற்றி என்பவருக்கும் 272 மனிதரை 115,000 டொலருக்கு விற்கச் சம்மதித்தார். பட்டியலில் முதற்பெயர் ஐசக், வயது 65. அடுத்து அவரது மூத்த மகன் சார்ள்ஸ், வயது 40. மகள் நெல்லி, வயது 38. இன்னும் சற்றுக் கீழே வந்தால் சிசிலியா என்றொரு சிறுமி, வயது எட்டு. வேதசாட்சியான ஒரு புனிதையின் பெயரை அக்குழந்தைக்கு இட்டு, தலையில் தண்ணீர் ஊற்றிய கை எதுவாயினும், அது அந்தத் திருச்சபையின் கையே. அந்த வரியை என்னால் வேகமாகக் கடந்துபோக முடியவில்லை.

உரோமையிலிருந்த சபைத் தலைவர் ரூதான் அடிகளார் 1836இன் இறுதியில் இவ்விற்பனைக்கு இணங்கியபோது நிபந்தனைகள் விதித்திருந்தார். குடும்பங்களைப் பிரிக்கலாகாது, கத்தோலிக்க சமயத்தை அனுசரிக்க அவர்களுக்கு வழி இருக்க வேண்டும், கிடைக்கும் பணத்தைக் கடனடைக்கப் பயன்படுத்தலாகாது. நல்ல நிபந்தனைகள்தாம். ஆனால் விற்கலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல், எப்படி விற்கலாம் என்ற கேள்விக்கு மட்டும் அவை பதில் சொல்லின. அந்த நிபந்தனைகளும் காக்கப்படவில்லை. குடும்பங்கள் பிரிந்தன; முதலிற் கிடைத்த 25,000 டொலரில் 17,000 டொலர் கல்லூரிக் கடனுக்கே போயிற்று. மல்லெடி அடிகளார் 1839இல் பதவி துறந்து ஐரோப்பா சென்றார்; சில ஆண்டுகளில் திரும்பி வந்து மீண்டும் அக்கல்லூரியின் தலைவருமானார். பாப்பரசர் பதினாறாம் கிரகோரியார் அடிமை வாணிபத்தைக் கண்டித்து மடல் வெளியிட்டதும் அதே 1839ஆம் ஆண்டின் டிசம்பரிலேயே என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நியூட்டவுன் தோட்டத்தில் அம்மக்கள் கொண்டு செல்லப்பட்ட நேரத்தில் அங்கிருந்தவர் பீற்றர் ஹாவர்மன்ஸ் என்ற குருவானவர். அவர் ரூதான் அடிகளாருக்கு எழுதிய கடிதம் உரோமையிலுள்ள சபைக் காப்பகத்தில் இருக்கின்றது. கர்ப்பிணியான ஒரு பெண், மற்றவர்களிலும் பக்தி மிகுந்தவள், கடைசி முறையாக ஆசீர் பெற அவர்முன் முழந்தாளிட்டாள். அவநம்பிக்கை கொள்ள எவருக்காவது காரணம் உண்டென்றால் எனக்கு இல்லையா என்று கேட்டாள். பிள்ளை பிறக்கப்போவது வழியிலா கடலிலா என்பதும் தெரியாதே, இதற்கு நான் என்ன செய்தேன் என்று கேட்டாள். கடவுளை நம்பு என்று அவர் சொன்னார்.

வாசகர்களே, அகதி முகாம்களிலும் மரண வீடுகளிலும் நானும் இதே வார்த்தையை எத்தனையோ முறை சொல்லியிருக்கின்றேன். அதில் பிழையில்லை என்றே இன்றும் நம்புகின்றேன். ஆயினும், துன்பத்தை விளைவித்தவர்களின் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லும்போது அச்சொல் என்னவாகின்றது? ஹாவர்மன்ஸ் அடிகளார் மனமிளகியவர். எழுதாமல் விட்டிருந்தால் எவரும் அறிந்திருக்க மாட்டார்கள். அவர் எழுதினார். அந்தப் பெண்ணின் கேள்வியையும், அதற்குத் தாம் சொன்ன பதிலையும், இரண்டையுமே எழுதினார்.

1838 நவம்பரில் கத்தரின் ஜாக்சன் என்ற கப்பல் அலெக்சாந்திரியாத் துறையிலிருந்து நியூ ஓர்லியன்ஸ் நோக்கிப் புறப்பட்டது. ஏற்றப்பட்டவரின் பெயர், பால், வயது, உயரம், நிறம் யாவும் அக்காலச் சட்டப்படி பதிவாயின. பத்து ஆண்டுகளின் பின், 1848இல், ஜேம்ஸ் வன் டி வெல்ட் என்ற இயேசு சபைக் குரு லூசியானாவிலே அம்மக்களைச் சந்தித்து மேரிலாந்துக்கு எழுதினார். இவர் பின்னர் சிக்காகோவின் ஆயராகியவர். திருப்பலிக்கு வழியின்றி, பிள்ளைகளுக்கு ஞான உபதேசமின்றி அவர்கள் வாடுவதை எடுத்துரைத்து, அங்கே ஒரு கோவில் கட்ட உதவுங்கள் என்று கேட்டார். விற்கப்பட்டவர்கள் திருச்சபையை விட்டுவிடவில்லை. திருச்சபைதான் அவர்களை விட்டுவிட்டிருந்தது.

லூசியானா என்ற பெயர் நம் கிழக்கு மாகாணத்து வாசகர்களுக்குப் புதிதாயிராது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் கல்விப்பணி புரிந்த அமெரிக்க இயேசு சபைக் குருக்களுள் பலர் அம்மாநிலத்திலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் படித்தவர்கள் இன்றும் நன்றியோடு அவர்களை நினைவுகூருகின்றார்கள். அந்த நன்றியை இக்கடிதங்கள் பறித்துவிடா. எனினும் இரண்டையும் ஒருசேர மனதில் வைத்திருக்க நாம் பழகவேண்டும்.

குருமடத்தில் நாங்கள் திருச்சபை வரலாறு பயின்ற காலத்தில் மேரிலாந்தைப் பற்றிய குறிப்பும் இருந்தது. இந்தக் கடிதங்களைப் பற்றி என் கொப்பியில் ஒரு வரிகூட இல்லை. எவரும் அவற்றை மறைத்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. ஆய்வாளர்கள் அவற்றைப் பல பத்தாண்டுகளாக வாசித்து வந்தார்கள். இயேசு சபைக் குருக்களே அவற்றைக்கொண்டு நூல்கள் எழுதினார்கள். பெட்டிகள் திறந்துதான் இருந்தன. விற்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் செய்தி எட்டவில்லை.

2015இல் பல்கலைக்கழகம் ஒரு குழுவை நியமித்தது. ஆவணங்கள் படமெடுக்கப்பட்டு எவரும் பார்க்கத்தக்கதாக இணையத்தில் வைக்கப்பட்டன. 2016இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை எழுதியதும், லூசியானாவின் மாரிங்குவின் என்ற சிற்றூர்க் குடும்பங்கள் தங்கள் பாட்டன் பூட்டனின் பெயர்களை அப்பட்டியலிற் கண்டார்கள். பெரும்பாலும் கத்தோலிக்கக் குடும்பங்கள். பின்வந்த ஆண்டுகளில் இத்தகைய வழித்தோன்றல்கள் ஆயிரக்கணக்கில் இனங்காணப்பட்டார்கள். அதற்கு உதவியவற்றுள் முக்கியமானவை கோவில்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள். திருமண ஆயத்தத்துக்காக அத்தாட்சிப் பத்திரம் தேடிப் பங்குப் பணிமனைக்கு வரும் உங்களுக்கு அப்பதிவேடுகளின் தோற்றம் தெரியும். பிள்ளை, தாய், தந்தை, ஞானப்பெற்றோர். அடிமைகளுக்குத் தந்தை பெயரைச் சட்டம் பொருட்படுத்தாத காலத்தில், பல இடங்களில் கோவிற் பதிவேடு மட்டும் அதைக் குறித்து வைத்திருந்தது.

2017 ஏப்ரல் 18ஆம் திகதி ஜோர்ஜ்டவுனில் மனத்துயர் வழிபாடு ஒன்று நடைபெற்றது. இயேசு சபையின் சார்பில் அதன் வட அமெரிக்கப் பொறுப்பாளர் வழித்தோன்றல்களின் முன்நின்று மன்னிப்புக் கேட்டார். அவர்களுள் எல்லோரும் அன்று மனநிறைவோடு திரும்பவில்லை. மன்னிப்புக்குப் பின் பரிகாரம் எங்கே என்று கேட்டவர்களும் இருந்தார்கள்; ஒப்புரவு அருட்சாதனத்தின் ஒழுங்கை அறிந்த எவரும் அக்கேள்வியைத் தவறென்று சொல்லார். 2021இல் சபையாரும் வழித்தோன்றல்களும் சேர்ந்து ஓர் அறக்கட்டளையை அறிவித்தார்கள். அதற்கென 10 கோடி டொலர் திரட்டித் தருவதாகச் சபை வாக்களித்தது.

மல்லெடி அடிகளாரின் பெயரைத் தாங்கியிருந்த மாணவர் விடுதிக்கும் அந்த ஏப்ரல் நாளில் வேறு பெயர் இடப்பட்டது. ஒப்பந்தத்தின் முதல் வரியில், 65 வயதினர் என்ற குறிப்போடு நின்ற அந்த ஐசக்கின் பெயர்தான் அது. பத்திரத்தில் குடும்பப் பெயர் எழுதப்படாதிருந்த அவரது முழுப்பெயர் வாசலில் பொறிக்கப்பட்டுள்ளது: ஐசக் ஹோக்கின்ஸ்.