மாதாந்த அழகுப் பெட்டியும் எளிதில் கடிக்கும் தோலும்

வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பும் பொதியைப் பிரிக்கும்போது, உடுப்புகளுக்கும் சவர்க்காரங்களுக்கும் இடையில் விரலளவுக் கிறீம் குழாய்களும் சிறு பக்கற்றுகளும் கிடைப்பதுண்டு. அவற்றுள் சில, மாதச் சந்தா கட்டுவோருக்குத் தபாலில் வரும் 'அழகுப் பெட்டி'யில் மிஞ்சியவையாக இருக்கும். தோல் எளிதில் சிவந்து கடிக்கும் இயல்புடையவர்களுக்கு இவை ஏற்றவையா என்பதை இங்கு பார்ப்போம்.

இந்த வியாபாரம் பெரிதாகத் தொடங்கியது நியூயோர்க்கில். 2010 இல் கற்றியா போஷாம்ப், ஹெய்லி பார்னா என்ற இரு பெண்கள் பேர்ச்பொக்ஸ் என்னும் நிறுவனத்தை ஆரம்பித்தனர். அப்போது மாதம் 10 டொலர் கட்டினால் நாலைந்து மாதிரிப் பொருட்கள் வீட்டுக்கு வந்தன. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் இப்சி, ஜேர்மனியில் குளொசிபொக்ஸ் என்பனவும் தோன்றின. பெரிய போத்தலுக்குக் காசு கொடுக்குமுன் சிறிதளவு பூசிப் பார்க்கலாம் என்பதே இவற்றின் கவர்ச்சி. யோசனை நல்லதுதான். புது இன விதையை நாமும் முழு வயலிலும் ஒரேயடியாக விதைப்பதில்லையே.

ஆனால் கணக்குத்தான் இடிக்கிறது.

தோலில் வரும் தாக்கம் இரண்டு வகை. ஒன்று எரிச்சல். கிளைக்கோலிக் அமிலம், ரெற்றினோல் போன்ற காரமான பொருட்கள் யாருடைய தோலையும் எரிக்கலாம்; வரட்சியான தோலை இன்னும் கூடுதலாக எரிக்கும். மற்றையது ஒவ்வாமை. இது உடனே தெரிவதில்லை. உடம்பு ஒரு பொருளை முதன்முறை 'எதிரி'யென்று பழகிக்கொள்ள ஏறக்குறைய இரண்டு கிழமையோ அதற்கு மேலோ செல்லும். பழகிய பின் அதே பொருள் மீண்டும் பட்டால், ஓரிரு நாளில் தடிப்பும் கடியும் வரும். அந்தப் பழக்கம் பொதுவாக ஆயுள் முழுவதும் விட்டுப்போகாது. ஆகவே இரண்டு நாள் பூசிவிட்டு 'எனக்கு ஒன்றும் செய்யவில்லை' என்று முடிவு கட்டுவது சரியல்ல.

தோல் வைத்தியர்கள் சொல்லும் சோதனை இலகுவானது. முழங்கை மடிப்புக்கு அருகே, கையின் உட்புறத்தில் ஒரு நாணயமளவு இடத்தில் பொருளைக் காலையும் மாலையும் பூச வேண்டும். 7 முதல் 10 நாட்கள் இப்படிச் செய்து, சிவப்போ கடியோ வராவிட்டால் மட்டுமே முகத்துக்குக் கொண்டுபோகலாம். கழுவிவிடும் பொருளாயின் ஐந்து நிமிடம் வைத்துவிட்டுக் கழுவினால் போதும். ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான்.

பெட்டியில் ஐந்து பொருட்கள் என்றால் சோதிக்க 35 முதல் 50 நாட்கள் வேண்டும். அதற்குள் அடுத்த பெட்டி வந்துவிடும். எல்லாவற்றையும் சேர்த்துப் பூசினாலோ, தோல் சிவந்த பின் எது செய்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஒரு தடவைக்கு மட்டும் போதுமான பக்கற்றை வைத்து ஒரு சோதனைகூட முடிக்க முடியாது.

அடுத்த சங்கடம் எழுத்து. சேர்மானப் பட்டியல் பெரும்பாலும் வெளிப் பெட்டியில்தான் அச்சிடப்படுகிறது. சின்னக் குழாயில் இடமில்லை. வாசனைப் பொருட்களே ஒவ்வாமைக்கு முக்கிய காரணங்களில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 26 வாசனைப் பொருட்களின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி 2005 முதல் நடைமுறைக்கு வந்தது. 2023 இல் இத்தொகை 80 இற்கு மேலாக உயர்த்தப்பட்டது. அமெரிக்காவிலோ 'வாசனை' என்ற ஒரே சொல்லுக்குள் பல பொருட்களை அடக்கிவிடும் வழக்கம் நெடுநாளாக இருந்து வந்தது. மணமே இல்லாத பொருளிலும், மற்ற மணத்தை மறைக்க வாசனைப் பொருள் கலந்திருக்கலாம்.

மூடியில் 'ஒவ்வாமை குறைந்தது' என்று எழுதியிருப்பதை நம்பலாமா? 1975 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இச்சொல்லுக்கு ஒரு விதியை வகுத்தது. 1977 இல் நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளிவிட்டது. அதன்பின் அங்கு அச்சொல் விற்பவர் விரும்பியபடி போடும் சொல்லே. பழுதாகாமல் காக்கச் சேர்க்கும் மெதில்ஐசோதையசோலினோன் என்ற பொருளையும் பாருங்கள்: பலருக்குத் தடிப்பை உண்டாக்கியதால், பூசி விடும் கிறீம்களில் அதைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2017 இல் தடை செய்தது. அதற்குமுன் அது அனுமதிக்கப்பட்டிருந்தது.

'இயற்கையானது' என்ற சொல்லும் காப்பாற்றாது. தோட்டக்காரர் இதைக் கவனிக்க வேண்டும். பார்த்தீனியம் களை பிடுங்கிக் கையிலும் முகத்திலும் தடிப்புக் கண்டவர்கள் உண்டு. கமோமைல் என்னும் பூச்செடி, பார்த்தீனியமும் செவ்வந்தியும் சேர்ந்த சூரியகாந்திக் குடும்பத்தையே சேர்ந்தது. 'தோலை ஆற்றும்' என்று விற்கப்படும் கிறீம்களில் அதன் சாறு அடிக்கடி சேர்க்கப்படுகிறது. பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாதவருக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

எனவே, எதனால் ஒவ்வாமை என்று ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு, வருவதை முன்கூட்டித் தெரிவுசெய்ய முடியாத பெட்டி ஏற்றதல்ல. சேருமுன் தோலின் தன்மையைக் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. அக்கேள்வி பட்டியலை வாசிப்பதற்கு ஈடாகாது. தோல் சற்றே மென்மையானது, வேறு தொல்லையில்லை என்போர் மாதத்துக்கு ஒன்றிரண்டு குழாயை மட்டும் ஆறுதலாகச் சோதித்துப் பார்க்கலாம். பொதியில் வந்ததற்கும் இதுவே முறை. பட்டியலும் திகதியும் இல்லாத குழாயைப் பிள்ளைகளின் தோலில் பூச வேண்டாம். ஒருவர் விரல்விட்டு எடுத்த கிறீமை மற்றவர் பாவிக்கவும் வேண்டாம்.

தடிப்பு வந்தால் பூச்சை நிறுத்தி, வெறும் தண்ணீரால் கழுவுங்கள். அதன்மேல் இன்னொரு கிறீமைப் பூசாதீர்கள். குழாயை எறிந்துவிடாமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எப்பொருள் காரணம் என்பதை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பரிசோதனையால் தோல் வைத்தியர் கண்டறியலாம். 1895 இல் ஜோசெப் யாடசோன் விளக்கிய முறை அது. கண்ணிமை அல்லது உதடு வீங்கினாலோ மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.