நினைவு ஓர் ஒளிப்படம் அன்று

"முதல் விசாரணையில் மூன்று பேர் வந்தார்கள் என்றீர்கள், இப்போது ஐந்து பேர் என்கிறீர்கள். எது உண்மை?" தஞ்சம் கோரியோரில் பலர் இவ்வகைக் கேள்விக்கு முகங்கொடுத்தவர்களே. இரு கூற்றுகள் முரண்பட்டால் சொன்னவர் பொய்யர் என முடிவு கட்டுவது அதிகாரிக்கு எளிது. உளவியல் ஆய்வுகளோ வேறுவிதமாகப் பேசுகின்றன.

1885 இல் ஜேர்மனியரான ஹேர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ்செய்து தமது மறதியை அளந்தார். மறதி முதல் மணித்தியாலத்தில் மிக விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழக் கண்டார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிரெடெரிக் பார்ட்லெற் 1932 இல் வெளியிட்ட நூல் இன்னும் ஒருபடி மேலே சென்றது. வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றைப் படித்த ஆங்கிலேயர், அதைத் திரும்பச் சொல்லும்போது தமக்குப் பழக்கமானவாறு மாற்றிவிட்டனர். கதையிலிருந்த வள்ளம் அவர்கள் வாயில் படகாயிற்று. அவர்கள் பொய் சொல்லவில்லை. நினைவு என்பது எடுத்துப் பார்க்கும் ஒளிப்படம் அன்று. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது.

கேள்வியே நினைவை மாற்றக்கூடும் என்பதை 1974 இல் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லொப்டஸ், ஜோன் பாமர் என்பவருடன் சேர்ந்து காட்டினார். கார் விபத்துப் படங்களைப் பார்த்த 45 மாணவரிடம் வேகம் கேட்கப்பட்டது. கார்கள் "மோதி நொறுங்கியபோது" எனக் கேட்கப்பட்டோர் சராசரியாக 40 மைலுக்கும் மேல் என்றனர். "தொட்டுக்கொண்டபோது" எனக் கேட்கப்பட்டோர் 31.8 மைல் என்றனர். வேறு 150 பேருடன் நடத்திய சோதனையில், ஒரு வாரத்தின் பின் கண்ணாடி உடைந்து கிடந்ததா என வினவினர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் அதைக் கண்டதாகச் சொன்னார்கள்.

மொழிபெயர்ப்பாளர் இடையில் அமர்ந்திருக்கும் அறையில் இது எங்ஙனம் நிகழும் என எண்ணிப் பாருங்கள். நம்மவர் "அடித்தார்கள்" என்பர். அது கன்னத்தில் அறைந்ததாகவும் இருக்கலாம், ஷெல் அடித்ததாகவும் இருக்கலாம்.

நமக்கு மிக நெருக்கமான ஆய்வு 2002 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. ஜேன் ஹேர்லிஹியும் சக ஆய்வாளரும் பிரித்தானியாவில் வாழ்ந்த 27 கொசோவோ அகதிகளையும் 12 பொஸ்னிய அகதிகளையும் இருமுறை செவ்வி கண்டனர். இவர்கள் ஏற்கனவே வதிவிட அனுமதி பெற்றவர்கள். கதை புனையவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. அப்படியிருந்தும் ஒருவரே சொன்ன இரு கூற்றுகளுக்கிடையே முரண்கள் பரவலாகக் காணப்பட்டன. சம்பவத்தின் மையத்திலும் பார்க்க, ஓரத்து விபரங்களிலேயே அவை கூடுதலாக இருந்தன. ஆனால் விசாரணைகளில் துருவிக் கேட்கப்படுவன பெரும்பாலும் இந்த ஓரத்து விபரங்களே: எத்தனை மணி, எத்தனை பேர், என்ன நிறச் சீருடை.

மனவடு கடுமையாக இருந்தோரிடம், இரு செவ்விகளுக்கிடையே காலம் நீள நீள முரண்களும் பெருகின. அந்த ஆய்வில் மிக நீண்ட இடைவெளி 32 வாரங்கள் மட்டுமே. நம்மிற் பலர் இரண்டாம் அழைப்புக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தவர்கள்.